திருமதிலில் பருத்திக் கணக்கு



நேச நாயனார் புராணம் சொல்லி முடித்த ஓர் இரவில், தறி நெய்யும் முதியவர் ஒருவர் நம்மை அணுகினார். “ஐயா, அடியார்க்குக் கோவணம் நெய்தளித்த சாலியர் குலத்துப் பெரியவரின் வரலாறு கேட்டோம். எங்கள் தொழிலுக்குப் பழைய கணக்கு ஏதேனும் உண்டா?” என்று வினவினார். “உண்டு. ஈசன் திருமதிலிலேயே உண்டு” என்றோம். அதனை ஈண்டுச் சிறிது விரிப்போம்.

ஞானசம்பந்தப் பெருமான் பாடியருளிய பாண்டி நாட்டுத் திருக்கொடுங்குன்றம் இன்று பிரான்மலை என வழங்குகிறது. அங்கே 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று உளது. ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் ஒன்றுகூடி, தாம் கொண்டு விற்கும் சரக்குகளின்மேல் ஒரு பகுதியைத் திருப்பணிக்கு அளிப்பதென உடன்பட்ட செய்தியைக் கூறுவது அது. ‘பட்டணப்பகுதி’ என்பது அக்கொடையின் பெயர். உப்பு, நெல், தேன், மெழுகு, சந்தனம், குதிரை, யானை என நீளும் அப்பட்டியலில் பருத்தி தனியே, நூல் தனியே, புடவை தனியே நிற்கக் காண்கிறோம்.

இவ்விடத்தில் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். பருத்தி எடுத்த வீட்டிலேயே நூற்று, அவ்வீட்டிலேயே நெய்து உடுத்திருப்பின், நூலைத் தனிச் சரக்காக எழுத இடமேது? விளைத்தவர் ஒருவர், நூற்றவர் ஒருவர், நெய்தவர் ஒருவர்; இவர்க்கிடையே நூலையும் சுமந்து விற்ற வணிகர் வேறொருவர். 700 ஆண்டுகட்கு முன்னரே இத்தொழில் இவ்வாறு கிளைத்திருந்தமைக்கு இறைவன் திருக்கோயிற் கல்லே சான்று.

அரசிறைக் கணக்கும் உண்டு. தறியிறை, தறிப்புடவை, பஞ்சுபீலி என்னும் வரிப்பெயர்களைச் சோழ, பாண்டியர் காலச் சாசனங்களிற் காணலாம். பெயர் இனியதாயினும் வரி வரியே! விசயநகர ஆட்சியில் இறை மிகுந்தமையால் நெசவாளர் ஊரைவிட்டுப் பெயர்ந்ததும், அவரை மீட்க வரி குறைத்ததும் கல்லில் உள. காஞ்சியிலும் விரிஞ்சிபுரத்திலும் கைக்கோளர் பெற்றிருந்த தண்டும் சங்கும் எமக்கும் வேண்டுமெனப் பிறவூரார் கேட்டுப் பெற்றதைப் பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சாசனம் ஒன்று கூறும். தண்டு என்றது பல்லக்கினை. வரிப்பளுவோடு மதிப்பையும் அவர் எழுதி வைத்தனர்.

1639இல் ஆங்கிலக் கும்பினியார் சென்னையில் காலூன்றியதும் துணியை நாடியே. 1734இல் அவர் நெசவாளரைக் குடியேற்றிய ஊர் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். அங்கும் ஆதிபுரீசர் கோயில் எழுந்தது.

இத்தனை கணக்கிலும் நூற்றவளின் பெயரை நாம் கண்டிலோம். சங்கப் புலவர் அவளை அறிவர். இரவில் விளக்கொளியில் விழித்திருந்த பருத்திப் பெண்டினைப் பாடியுள்ளனர். கல்லோ அவள் நூற்ற நூலை மட்டும் அறியும்.

எஞ்சிய கல்லும் நம் கையால் அழிகிறது. திருப்பணி புரியும் அன்பர்கள் சுவரில் சுண்ணம் பூசுமுன் எழுத்தைப் படியெடுக்கச் செய்தல் வேண்டும். முன் சொன்ன முதியவரை மறுநாட் காலை அவ்வூர்ச் சிவாலயத்தின் தென்மதிலுக்கு அழைத்துச் சென்றோம். புதிய சாந்தின் விளிம்பில் ‘தறி’ என்னும் இரண்டு எழுத்துகள் மட்டும் தெரிந்தன. அவர் விரலால் தடவிப் பார்த்து, “இதற்கு முன்னே என்ன இருந்ததோ?” என்றார்.