மலர் என்று பெயர் பெற்ற புத்தகம்

“எங்கட மலரில என்ர கட்டுரை வந்தது” என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய மாணவி சொன்னால் கேட்பவர் பூவை நினைப்பதில்லை. அவளுடைய பாடசாலை வெளியிட்ட புத்தகத்தைத்தான் நினைப்பார். ஆண்டு மலர், வெள்ளிவிழா மலர், நூற்றாண்டு மலர் என்று அடைமொழிதான் மாறும். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் இது ஆண்டு மலர்தான். நூல், சுவடி, ஏடு, தொகுப்பு என்று இத்தனை சொற்கள் இருக்க, கட்டுரையும் படமும் அறிக்கையும் விளம்பரமும் சேர்ந்த ஒரு புத்தகத்துக்குப் பூவின் பெயர் எப்படி வந்தது? அழகுக்காக வைத்தார்கள் என்பார்கள். அந்த விடை எனக்குப் போதவில்லை.

மலர் முதலில் வினைச்சொல். விரிதல், மூடியிருந்தது திறத்தல் என்பது அதன் பொருள். முகம் மலரும், கண் மலரும், வாயும் மலரும். 19ஆம் நூற்றாண்டில் அச்சான சமய நூல்களின் முகப்புப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் ‘திருவாய்மலர்ந்தருளிய’ என்ற தொடர் நன்றாகத் தெரியும். இன்னார் இயற்றிய நூல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்தத் தொடர் நிற்கும். உள்ளே இருந்த சொல் வெளியே வருவதை மலர்தல் என்று சொல்லும் வழக்கு பாடசாலை மலருக்கு மிக முந்தியது.

இதன் உடன்பிறப்பான அலர் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அலர் என்றால் விரிந்த பூ. ஊரார் வெளிப்படையாகப் பேசும் பேச்சும் அலர்தான். திருக்குறளின் 115ஆவது அதிகாரத்துக்கே அலரறிவுறுத்தல் என்று பெயர். காதல் செய்தி வாய்க்குள் முணுமுணுப்பாக இருக்கும்வரை அம்பல், ஊரறியப் பரவிவிட்டால் அலர் என்று அகப்பொருள் உரையாசிரியர்கள் பிரித்தார்கள். அதாவது முகிழ்த்த நிலை ஒன்று, விரிந்த நிலை ஒன்று. ஒரு செய்தி பொதுவுக்கு வருவதைத் தமிழ் ஈராயிரம் ஆண்டுகளாகப் பூ விரிவதாகவே கண்டிருக்கிறது. அன்று பெண்ணைப் பற்றி ஊர் பேசியது அலர். இன்று பெண்பிள்ளைகள் தாங்களே எழுதித் தங்கள் பெயரில் வெளியிடுவது மலர். இந்த இடமாற்றம்தான் என்னை இந்தச் சொல்லின் பின்னால் போக வைத்தது.

எழுதும் பொருள்களின் பெயர்களும் செடிகொடியிலிருந்தே வந்தவை. ஓலை பனையினுடையது. மடல் பனைக்கும் உண்டு, தாழம்பூவுக்கும் உண்டு. கடிதத்துக்கும் அதுவே பெயர். ஏடு சுவடியின் ஏடு. பழைய வழக்கில் பூவின் இதழையும் ஏடு என்றார்கள். ஆகவே பத்திரிகைக்கு இதழ் என்று பெயர் வைத்தபோது யாரும் புதிதாக உவமை தேட வேண்டியிருக்கவில்லை. ஏடு நடந்த பாதையில் இதழும் நடந்தது. இதழ் என்று ஒன்று வந்துவிட்டால் அது சேர்ந்திருக்க ஒரு மலரும் வேண்டுமே. சிற்றிதழ்கள் பலவற்றின் முதல் பக்கத்தில் ‘மலர் 1, இதழ் 1’ என்று காண்கிறோம்: ஓராண்டின் தொகுதி மலர், அதற்குள் ஒவ்வொரு வெளியீடும் இதழ்.

எல்லா இதழ்களும் இப்படி எண்ணவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ தொகுதி, பகுதி என்று நேராக எண்ணியது. 1923இல் தோன்றிய ‘செந்தமிழ்ச் செல்வி’ ஆண்டைச் சிலம்பு என்றும் மாத வெளியீட்டைப் பரல் என்றும் சொன்னது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ துணர், மலர் என்று வைத்துக்கொண்டது. துணர் என்றால் கொத்து. அங்கே மலர் ஒரு மாதத்துப் பகுதி, மேற்சொன்ன சிற்றிதழ்களில் அது ஓராண்டு முழுவதும். சொல் அப்போது இன்னும் ஓரிடத்தில் உறைந்திருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தீபாவளி மலரும் பொங்கல் மலரும் ‘தினமணி’ 1930களில் வெளியிட்ட வருஷ மலரும் அதை உறைய வைத்தன. நாள்தோறும், வாரந்தோறும் வருவது இதழ்; ஒரு நாளைக் கொண்டாடி, கனத்து, படங்களுடன், எடுத்து வைத்துக்கொள்ளத் தக்கதாக வருவது மலர். பாடசாலைகள் எடுத்துக்கொண்டது இந்தப் பொருளை. ஆண்டுவிழா, பரிசளிப்பு விழா, நிறுவுநர் நாள் என்று பாடசாலைக்குத்தான் கொண்டாட நாள்கள் நிறைய உண்டே.

ஆங்கிலவழியில் வந்த மகசீன் என்ற பெயரும் நம் பாடசாலைகளில் வழங்கியது, இன்றும் வழங்குகிறது. பண்டகசாலையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போன சொல் அது. 1731இல் லண்டனில் ‘ஜென்டில்மன்ஸ் மகசீன்’ வந்த பிறகு பத்திரிகைக்கு உரியதாயிற்று. பலதையும் போட்டு வைக்கும் இடம் என்ற பொருளும் பாடசாலைப் புத்தகத்துக்குப் பொருந்தாமல் இல்லை.

இனி சொல்லிலிருந்து பொருளுக்கு, மலர்களை வெளியிட்ட பாடசாலைகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோவும் மைரன் வின்சிலோவும் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையிலிருந்து வளர்ந்தது. 1862இல் வெளிவந்த பெரிய தமிழ் ஆங்கில அகராதி அதே மைரன் வின்சிலோவின் பெயரைத் தாங்கியது. பெண்பிள்ளைகளின் பள்ளியும் தமிழ்ச் சொற்களின் பெருந்தொகுப்பும் ஒருவர் வாழ்க்கையில் சேர்ந்திருந்தன என்பது சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டவனுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அங்குள்ள மற்ற மகளிர் பாடசாலைகளான வேம்படி 1834இலும் சுண்டுக்குளி 1896இலும் மருதனார்மடம் இராமநாதன் கல்லூரி 1913இலும் தொடங்கின. (இலங்கையில் கல்லூரி என்பது பெரும்பாலும் பாடசாலையின் பெயர். தமிழ்நாட்டு வாசகர்கள் பட்டப்படிப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) இத்தகைய பாடசாலைகளின் வரலாற்றை எழுத முனைகிறவர் முதலில் தேடுவது பழைய மலர்களைத்தான்.

ஒரு மலர் உருவாகும் விதம் ஊருக்கு ஊர் பெரிதாக வேறுபடுவதில்லை. பொறுப்பாசிரியை ஒருவர், மேல்வகுப்பு மாணவிகள் சிலர் சேர்ந்து மலர்க்குழு. வகுப்பு வகுப்பாகப் போய்க் கட்டுரை, கவிதை கேட்பார்கள். முதலில் வருவது குறைவு. கடைசி நாளில் வருவது கட்டுக்கடங்காது. அதிபர் அறிக்கை, இல்ல விளையாட்டுப் போட்டி அறிக்கை, மன்ற அறிக்கைகள், பரீட்சைப் பெறுபேறுகள், சாரணியர் அணி, விடுதிச் செய்தி எல்லாம் சேர வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோத்தார். ப்ரூஃப் பார்க்க மாணவிகள் பாடம் முடிந்து உட்கார்ந்தார்கள். படத்துக்குப் பிளாக் செய்ய வேண்டும், அதற்குச் செலவு அதிகம். அதனால் படங்களை வழவழப்பான தாளில் தனியே அச்சிட்டு இடையில் சேர்த்துத் தைத்தார்கள். கணினி வந்த பிறகு வேறு தொல்லை. பாமினி எழுத்துருவில் தட்டியது யூனிகோடுக்கு மாறும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். அன்றும் இன்றும் கடை கடையாக ஏறி விளம்பரம் கேட்கும் வேலை மட்டும் மாறவில்லை. பின்பக்கங்களில் நகைக்கடையும் புத்தகக்கடையும் கொடுத்த பணத்தில்தான் முன்பக்கத்துக் கவிதைகள் அச்சேறின.

மலராசிரியர் என்ற சொல்லை ஒரு கணம் நின்று பார்க்கலாம். ஆசிரியர் என்பவர் கற்பிப்பவர். நூலை ஆக்கியவரும் ஆசிரியர். பத்திரிகை வந்த பிறகு அதை நடத்துபவரும் ஆசிரியர். மகளிர் பாடசாலையில் 17 வயது மாணவி மலராசிரியர் ஆகும்போது, தன் வகுப்பில் பாடம் சொல்லித்தருபவரின் பதவிப் பெயரே அவளுக்கும் கிடைக்கிறது. அந்த ஆண்டு அவள் ஆசிரியைகளின் அறிக்கைகளையும் திருத்துகிறாள், சுருக்குகிறாள், நேரத்துக்குத் தரும்படி கேட்கிறாள். இந்தச் சொல்லின் முழுக் கனத்தையும் அவள்மேல் வைப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

மலரின் முன்பக்கங்களை நிரப்பும் ஆசிச் செய்தி, வாழ்த்துச் செய்தி, அணிந்துரை ஆகியவற்றில் அணிந்துரைக்கு வயது மிக அதிகம். நன்னூல் பாயிரத்துக்குச் சொல்லும் பெயர்களில் அதுவும் ஒன்று. நூலை ஆக்கியவர் தம்மைத் தாமே புகழக்கூடாது, ஆகவே பிறர் சொல்ல வேண்டும் என்பது அந்த மரபு. மலர்களில் வாழ்த்துச் செய்திகள் பக்கம் பக்கமாக நீள்வதை நான் விரும்புவதில்லை. பெரிய பதவியில் உள்ளவரின் படத்துக்கு முழுப் பக்கமும் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கதைக்குக் கால் பக்கமும் கொடுப்பது மலரின் நோக்கத்தையே கெடுக்கும்.

எனக்கு மிகப் பிடித்த பக்கம் கடைசியில் வருவது: நன்றியுரை, அல்லது ஈழத்து வழக்கில் நன்றி நவிலல். நன்றி என்ற சொல் பழந்தமிழில் நன்மையை, செய்த உதவியைக் குறித்தது. திருக்குறளின் 11ஆவது அதிகாரம் செய்ந்நன்றியறிதல். அங்கே நன்றி உதவியவருடையது. பெற்றவருக்கு உரியது அறிதல் மட்டுமே. இன்று பெற்றவரே நன்றி என்கிறார். கொடுத்தவரின் கையிலிருந்த சொல் பெற்றவரின் வாய்க்கு வந்துவிட்டது. அறிதல் என்ற பாதி வழக்கிலிருந்து நழுவியதை நான் சிறிய இழப்பாகக் கருதவில்லை. ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வரியில் முடிக்கும் நன்றியுரையில் நன்றி இருக்கிறது, அறிதல் இல்லை.

அறிதல் எப்படி இருக்கும் என்பதற்கு உ.வே.சாமிநாதையரைப் பார்க்க வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தவர், தம் பதிப்பு முகவுரைகளில் ஏட்டுப்பிரதி தந்தவர்களைப் பெயரும் ஊரும் சொல்லிக் குறித்து வைத்தார். அதனால் இன்று எந்த ஊரில் யார் வீட்டில் எந்தச் சுவடி இருந்தது என்று நமக்குத் தெரிகிறது. நன்றி சொன்ன பக்கமே வரலாற்று ஆவணம் ஆயிற்று. தம்மை ஆதரித்த சடையப்ப வள்ளலைக் கம்பர் தம் காப்பியத்துக்குள்ளேயே நினைவுகூர்ந்ததும் இந்த வழிதான்.

நல்ல பாடசாலை மலரின் நன்றிப் பக்கமும் இப்படித்தான் வேலை செய்கிறது. அச்சகத்தின் பெயர், அட்டைப்படம் வரைந்தவர், ஒளிப்படம் எடுத்தவர், இரவு நின்று ப்ரூஃப் பார்த்த தமிழாசிரியை, கட்டுரைகளைத் தட்டச்சுச் செய்து தந்தவர், கதவு திறந்துவிட்ட காவலாளர், விற்றுக்கொடுத்த பழைய மாணவிகள் சங்கம். இவர்களில் பலருடைய பெயர் வேறு எங்கும் அச்சில் வந்திருக்காது.

குழுப்படங்களின் அடியில் உள்ள வரிகளும் அதே அளவு முக்கியம். ‘இருப்பவர்கள் இடமிருந்து வலம்’, ‘நிற்பவர்கள்’, ‘சமுகமளிக்காதோர்’ என்று மூன்று வரிசை. படத்துக்கு வராத பெண்ணையும் விட்டுவிடாமல் பெயர் சொல்லும் அந்தக் கடைசி வரிசையை நான் பெரிதும் மதிக்கிறேன். மணமான பிறகு கணவர் பெயரால் அறியப்பட்டு, கடல் கடந்து போய்விட்ட பெண்களுக்குத் தங்கள் பிறந்தவீட்டுப் பெயர் அச்சில் இருக்கும் இடம் பல வேளைகளில் இந்த மலர் ஒன்றுதான்.

அப்படிப்பட்ட மலர்கள் நிறையத் தொலைந்துவிட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போன ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றிப் பேசுகிறோம். 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீடுகளில் விட்டுவந்தவற்றுக்குக் கணக்கே இல்லை. அலுமாரிகளில் இருந்த மலர்களும் அவற்றோடு போயின. மிஞ்சியவற்றைத் தேடி மின்வருடி வைக்கும் பணியை நூலகம் நிறுவனம் 2005 முதல் செய்து வருகிறது. அதன் சேகரத்தில் பாடசாலை மலர்கள் கணிசமாக உள்ளன.

மலர் வெளியிடப்போகும் பிள்ளைகளிடமும் பொறுப்பாசிரியைகளிடமும் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அட்டையிலும் உள்ளேயும் ஆண்டை அச்சிடுங்கள். குழுப்படங்களின் கீழ் முதலெழுத்து மட்டும் போடாமல் முழுப்பெயர் எழுதுங்கள். நன்றிப் பக்கத்தில் ‘அனைவருக்கும்’ என்று எழுதும் முன் அந்த அனைவரும் யார் யார் என்று உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். வெளியீட்டு விழா முடிந்ததும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ, உங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்கோ தபாலில் அனுப்பிவிடுங்கள். வீட்டில் பழைய மலர் வைத்திருப்பவர்கள், அதைப் பழைய தாளோடு எடைக்குப் போடும் முன் உங்கள் பாடசாலைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.