பட்டா இல்லாத பாடு

போன எபிசோடுல மெட்ராஸ் துறைமுகம் பத்திப் பேசினோம். 1870-களில் கடலுக்குள்ள சுவர் கட்ட ஆரம்பிச்ச பிறகு, தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரிச்சது. நம்ம கரையில அலைகள் வருஷத்துல பெரும்பகுதி மணலை வடக்கு நோக்கித் தள்ளும். குறுக்கே சுவர் வந்தா, வடக்கே மணல் பட்டினிதான். இன்னைக்கு அந்த வடக்குப் பக்கம், பழவேற்காடு ஏரிக்குப் போறோம்.

வெளியூர் வியாபாரம் இங்க புதுசு இல்ல. டச்சுக்காரங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினது 1613-ல். மெட்ராஸ் பிறக்க அப்போ இன்னும் 26 வருஷம் இருந்தது. துணி வாங்கி ஜாவா பக்கம் அனுப்பினாங்க. இங்கயே வெடிமருந்தும் தயாரிச்சாங்க. ஆனா நான் பேச வந்தது கோட்டையைப் பத்தி இல்ல.

இங்க 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. இறால் நல்லா கிடைக்கிற இடங்கள் முகத்துவாரத்துக்குப் பக்கத்துல கொஞ்சம்தான். அங்க எல்லாரும் ஒரே நேரத்துல வலை கட்ட முடியாது. அதனால கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மாதிரி ஊர்கள்ல உரிமை உள்ளவங்க சீட்டுக் குலுக்கி, முறை வச்சு இறங்குவாங்க. இன்னைக்கு நல்ல இடம் உனக்கு, அடுத்து எனக்கு. ஆபீஸ்ல நான் எழுதுற ரவுண்ட் ராபின் கோட் இதுதானேன்னு முதல்ல சிரிப்பு வந்தது. ஆனா இதை ரொம்பப் புகழவும் மனசு வரல. பெண்களுக்கு இதுல முறை கிடையாது. கையால தடவி இறால் பிடிக்கிற இருளர் மக்களும் இதுக்கு வெளியேதான்.

எந்த ஷெட்யூலருக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பங்கு போடறதுக்கு ஏதாவது இருக்கணும். வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ல் வந்தது. இதை எடிட் பண்ற என் லேப்டாப்புக்கும் அந்தக் கரண்ட் வருது, மறைக்க வேண்டாம். அதோட சாம்பல் எண்ணூர் கழிமுகத்துல படிஞ்சு, அங்க ஆழமும் மீனும் குறைஞ்சது. 2001-ல் எண்ணூர் துறைமுகம், அடுத்த பத்து வருஷம் கழிச்சு காட்டுப்பள்ளி துறைமுகம். ஒவ்வொரு சுவரும் பழவேற்காட்டுக்கு இன்னும் கிட்ட. காட்டுப்பள்ளியை 330 ஏக்கர்ல இருந்து 6,000 ஏக்கருக்கு மேல விரிவாக்கணும்னு திட்டம் வந்தப்போ மீனவர்கள் கடுமையா எதிர்த்தாங்க. 2021 ஜனவரி 22-ல் நடக்க வேண்டிய கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போச்சு.

அந்தக் கணக்கைப் பாருங்க, எல்லாமே ஏக்கர்ல. நிலம் போனா பட்டாவைக் காட்டி இழப்பீடு கேட்கலாம். பாடு நிலம் இல்லையே, தண்ணி மேல வர்ற ஒரு முறை. 'அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த இடத்துல என் முறை'ன்னு ஒருத்தர் எந்தப் படிவத்துல எழுதிக் கொடுப்பாரு?