ஆயா மட்டும் ஏறலாம்

சட்டக் கல்லூரியில் அமெரிக்கத் தீர்ப்புகளை எங்களுக்கு ஒரு மணி நேரத்தில் நடத்தி முடித்தார்கள். ட்ரெட் ஸ்காட், 1857. ப்ளெஸ்ஸி, 1896. பிரவுன், 1954. முதல் இரண்டும் தப்பு, மூன்றாவது சரி. நீதிமன்றம் தன் தவறைத் தானே திருத்திக்கொண்டது. இப்படி எழுதினால் மார்க் உண்டு. நானும் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். அந்தப் பெயர்களுக்குப் பின்னால ஆட்கள் இருந்தாங்கன்னு யாரும் சொல்லல. நானும் கேட்கல.

பல வருசம் கழித்துத்தான் ப்ளெஸ்ஸி வழக்கை முழுசாகப் படித்தேன். லூசியானா மாநிலம் 1890இல் போட்ட சட்டம் அது. ரயிலில் வெள்ளையருக்குத் தனிப் பெட்டி, கறுப்பருக்குத் தனிப் பெட்டி. மாறி உட்கார்ந்தால் அபராதம், இல்லாவிட்டால் சிறை. அதே சட்டத்துக்குள் ஒரு விலக்கும் இருந்தது. வேற்று இனத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு இந்த விதி பொருந்தாது. அதாவது, வெள்ளைக்காரக் குழந்தையை மடியில் வைத்திருந்தால் கறுப்புப் பெண் வெள்ளையர் பெட்டியில் ஏறலாம். தான் பெற்ற குழந்தையை வைத்திருந்தால் ஏற முடியாது.

புத்தகத்தை மூடிவிட்டேன். எங்க அம்மா ஞாபகம் வந்தது. அறுப்புக் காலத்தில் நெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பண்ணை வீட்டுக் குதிர் வரைக்கும் போவாள். கூலி கேட்கப் போகும்போது அதே வீட்டுக்கு வெளியே, தெருவில்தான் நிற்க வேண்டும். "மூட்டை இருந்தா உள்ள, மூட்டை இல்லன்னா வெளிய" என்பாள், சிரித்துக்கொண்டே. தீட்டு என்பது ஆதிக்கத்தின் வசதிக்கு வளையும் என்று நான் கற்றுக்கொண்டது அவளிடம்தான். லூசியானாச் சட்டசபை அதை எழுதியே வைத்துவிட்டது.

ஆட்களுக்கு வருகிறேன். ட்ரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் 1846இல் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் விடுதலை கேட்டு வழக்குப் போட்டார்கள். அடிமைமுறை தடைசெய்யப்பட்ட பகுதிகளில் வாழ்ந்ததால் நாங்கள் அடிமைகள் அல்ல என்பது அவர்கள் வாதம். பதினோரு வருசம் நடந்த வழக்கில், கறுப்பர் இந்த நாட்டின் குடிமக்களாகவே முடியாது என்று தலைமை நீதிபதி ரோஜர் டேனி எழுதினார். ஏழு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். அந்தத் தீர்ப்பைத் துடைக்க உள்நாட்டுப் போரும், 1868இல் பதினான்காவது சட்டத்திருத்தமும் வேண்டியிருந்தது. எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்று அந்தத் திருத்தம் சொன்னது.

ஹோமர் ப்ளெஸ்ஸி நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் செருப்புத் தொழிலாளி. 1892 ஜூன் 7ஆம் தேதி அவர் வெள்ளையர் பெட்டியில் தெரியாமல் ஏறவில்லை. அந்தச் சட்டத்தை எதிர்க்கவே உருவான குடிமக்கள் குழு ஒன்று திட்டமிட்டு ஏற்றியது. கைதானார். 1896இல் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார். பிரித்து வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்றது நீதிமன்றம். அதில் இழிவு இருப்பதாகக் கறுப்பர்கள் நினைத்தால், அது அவர்களாகக் கற்பித்துக்கொள்வது என்றும் சொன்னது. எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லையா?

மாறுபட்ட அந்த ஒருவர் நீதிபதி ஹார்லன். இங்கே சாதி கிடையாது, நம் அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்று எழுதினார். சாதி என்ற சொல்லையே பயன்படுத்தினார். ஆனால் அதே தீர்ப்பில், செல்வத்திலும் கல்வியிலும் வெள்ளையரே மேலோங்கியவர்கள், என்றும் அப்படியே இருப்பார்கள் என்றும் எழுதினார். சீனரை இழித்தும் எழுதினார். நம்மவர்கள் முதல் பாதியை மட்டும்தான் மேடையில் சொல்வார்கள்.

பிரவுன் என்பது ஒரு வழக்கு இல்லை, ஐந்து வழக்குகள். அதில் ஒன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஃபார்ம்வில் ஊரிலிருந்து வந்தது. 180 பிள்ளைகளுக்குக் கட்டிய கறுப்பர் பள்ளியில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் தார்க் காகிதம் அடித்த கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. 1951 ஏப்ரல் 23ஆம் தேதி பதினாறு வயதுப் பெண் பார்பரா ஜான்ஸ் மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். அவர்கள் கேட்டது புதுக் கட்டடம். வந்த வழக்கறிஞர்கள், பிரிவினையே ஒழியணும்னு கேட்கத் தயாரா என்றார்கள். தயாரானார்கள். மிரட்டல் வந்ததால் பார்பராவை ஊரைவிட்டே அனுப்ப வேண்டியிருந்தது.

1954 மே 17ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், பள்ளியில் பிரித்து வைப்பதே சமத்துவத்துக்கு விரோதம் என்றார்கள். பதினான்காவது திருத்தத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது அதைப் படித்தவர்கள். படிக்க வைத்தவர்கள் பார்பரா மாதிரிப் பிள்ளைகளும், தர்குட் மார்ஷல் மாதிரிக் கறுப்பின வழக்கறிஞர்களும்.

பாடம் இங்கேயே முடிந்துவிடும். ஊர்க்கதை முடியவில்லை. எப்போது அமல்படுத்துவது என்ற கேள்விக்கு, 1955இல் அதே நீதிமன்றம் நிதானமான வேகத்தில் செய்யுங்கள் என்று பதில் சொன்னது. ஃபார்ம்வில் இருந்த பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, சேர்ந்து படிக்க வைக்கச் சொன்னால் பள்ளியே வேண்டாம் என்று 1959இல் எல்லா அரசுப் பள்ளிகளையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வந்தது, அதற்கு அரசுப் பணம் உதவியது. 1964இல் உச்சநீதிமன்றம் மறுபடி தலையிட்டது. அதுவரை ஐந்து வருசம். ஆறு வயசுப் பிள்ளைக்குப் பதினொன்று ஆகிவிடும். அந்த வருசங்களை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

2023 ஜூன் 29ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு வந்தது. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றார்கள். அதற்குத் துணைக்கு அழைத்தது யாரை? நிறம் தெரியாத சட்டம் என்ற ஹார்லனின் அதே வாக்கியத்தை! பிரித்து வைப்பதை எதிர்த்து எழுதிய வரி, உள்ளே சேர்ப்பதைத் தடுக்கப் பயன்பட்டது. ராணுவக் கல்லூரிகளைப் பற்றி மட்டும் முடிவு சொல்லாமல் ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கிவைத்தார்கள். அதைப் படித்தபோதும் எனக்கு அந்த ஆயாதான் ஞாபகம் வந்தாள்.

இது தூர தேசத்துக் கதை இல்லை. நம் அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவில் இருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு என்ற சொற்கள் அமெரிக்கத் திருத்தத்திலிருந்து வந்தவை. கொலம்பியாவில் படித்த அம்பேத்கர், 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார். 1951இல் நம் உச்சநீதிமன்றம் சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. அதே வருசம் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். சட்டம் தானாக நம் பக்கம் சாயாது. சாய்த்தால்தான் சாயும், கையை எடுத்தால் திரும்பிவிடும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். தீர்ப்பையோ சட்டத்தையோ படிக்கும்போது விலக்குப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். யாரை, எந்த வேலைக்காக, எதுவரை உள்ளே விடுகிறார்கள் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.