300-ஐ 450 ஆக்கியவர்கள்

1998-ஆம் வருடம் ஆகஸ்ட் 24-ஆம் தேதி இன்டெல் சில பிராசசர்களை ஒரே நாளில் வெளியிட்டது. ஒன்று பென்டியம் 2. வேகம் 450 மெகாஹெர்ட்ஸ், மொத்த விலை 669 டாலர். இன்னொன்று செலரான் 300ஏ. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 டாலர். முதலாவது காசுள்ளவர்களுக்கு, இரண்டாவது இல்லாதவர்களுக்கு. இன்டெல் போட்ட கணக்கு அதுதான். ஆனால் சில வாரங்களிலேயே உலகம் முழுக்கப் பல கல்லூரி விடுதி அறைகளில் அந்த 149 டாலர் சிப் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டுகளில் அது பென்டியம் 2-க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக்கிங். தயாரித்தவர் சொன்ன வேகத்தைத் தாண்டிப் பிராசசரை ஓட்டுவது. 300ஏ-வோடு இது பிறக்கவில்லை. 1984-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணினியின் 286 பிராசசர் 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதற்குத் தாளம் போட்டது போர்டில் இருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று. அந்தப் படிகத்தைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால் கணினி 8-இல் ஓடும். செலவு சில டாலர்தான். இது பரவியதும் ஐ.பி.எம். சும்மா இருக்கவில்லை. பின்னால் வந்த பயாஸில் வேகத்தைச் சோதிக்கும் ஒரு நிரலைச் சேர்த்தது. வேகம் கூடுதலாக இருந்தால் கணினி கிளம்பாது. வாங்கியவர் கூட்டுவதும் விற்றவர் பூட்டுவதுமான இந்த இழுபறி அன்றே ஆரம்பித்துவிட்டது.

சரி, 300 என்று எழுதி விற்ற பொருள் 450-இல் எப்படி ஓடுகிறது? இன்டெல் ஏமாளியா?

இல்லை. பிராசசருக்குள் ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் சிக்னல்கள் டிரான்சிஸ்டர்களின் நீண்ட வரிசையைக் கடந்து போய், அடுத்த துடிப்பு விழுவதற்குள் சரியான இடத்தில் நிலைபெற வேண்டும். நட்டுவனார் தாளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் ஆடுபவரின் அடி தாளத்துக்குள் விழாமல் தவறும் அல்லவா, அது போல. எந்த வேகத்தில் அடி தவறும் என்பது சிப்புக்குச் சிப் மாறும். ஒரே தட்டில் வார்க்கப்பட்டவை கூட ஒன்று போல இருக்காது. தொழிற்சாலையில் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். சுட்டெரிக்கும் கோடையிலும், சுமாரான மின்சாரத்திலும், பல வருடங்கள் கழித்தும் ஓட வேண்டும் என்று ஒரு தாராளமான இடைவெளி விட்டுத்தான் எண்ணைப் பொறிக்கிறார்கள். அதோடு, மலிவான சிப்புக்குத்தான் சந்தையில் கிராக்கி என்றால் நல்ல சிப்பும் மலிவான பெயரோடு வெளியே போகும்.

300ஏ விஷயத்தில் இந்த இடைவெளி மிகப் பெரியது. பென்டியம் 2 போலவே இதுவும் 0.25 மைக்ரான் முறையில் செய்யப்பட்டது. அதே வருடம் ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலை கேச் சுத்தமாக இல்லை, எல்லோரும் கிண்டல் செய்தார்கள். அந்த அவமானத்துக்குப் பரிகாரமாக 300ஏ-வில் 128 கிலோபைட் கேச்சைச் சிப்புக்குள்ளேயே வைத்தார்கள். பென்டியம் 2-இல் 512 கிலோபைட் இருந்தாலும் அது தனிச் சிப்களில், பிராசசரின் பாதி வேகத்தில் ஓடியது. செலரானின் குட்டிக் கேச் முழு வேகத்தில் ஓடியது. மலிவான தம்பிக்கு அண்ணனிடம் இல்லாத ஒன்றைத் தெரியாமல் கொடுத்துவிட்டார்கள்.

பூட்டு இருந்ததே என்றால், இருந்தது. பிராசசர் வேகம் என்பது பஸ் வேகத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி வருவது. 300ஏ-வுக்கு 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், பெருக்கெண் 4.5. அந்தப் பெருக்கெண்ணை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. 1990-களின் நடுவில் சில வியாபாரிகள் குறைந்த வேகப் பென்டியம் சிப்பின் மேல் இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு அதிக வேகத்தைப் பொறித்து விற்றார்கள். வாங்கியவருக்குத் தன் கணினி ஓவர்கிளாக் செய்யப்பட்டிருப்பதே தெரியாது. ஆனால் பூட்டியது பெருக்கெண்ணைத்தான், பஸ்ஸை அல்ல. பஸ்ஸை 100-க்கு ஏற்றினால் 4.5 × 100 = 450. முடிந்தது கதை.

ஏபிட் என்ற தைவான் நிறுவனத்தின் பி.எச்.6 மதர்போர்டில் இதை ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே பயாஸ் திரையில் மாற்றலாம், மின்னழுத்தத்தையும் கூட்டலாம். அந்த வசதி இல்லாத போர்டு வைத்திருந்தவர்கள் பிராசசர் அட்டையின் பி21 என்ற ஒரு தொடுமுனையை மட்டும் செல்லோ டேப்பாலோ நகப்பூச்சாலோ மூடினார்கள். போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் சிப் என்று நம்பிவிடும்! இன்டெல்லின் பொறியாளர்கள் அந்த நகப்பூச்சைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 66-இலிருந்து ஒரேயடியாக 100-க்குத் தாவுவதை விட, நிதானமாக 83-இல் நிறுத்துவதுதான் ஆபத்தாக இருந்தது. ஹார்ட் டிஸ்க் கட்டுப்பாட்டுச் சிப் முதலானவை தொங்கும் பி.சி.ஐ. பஸ் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். பிரதான பஸ் 100 என்றால் அதை மூன்றால் வகுத்து 33 கிடைக்கும். 83-க்குப் பல போர்டுகளில் இரண்டால்தான் வகுக்க முடியும். அப்போது பி.சி.ஐ. 41-ஐத் தாண்டும். பிராசசர் சிரித்துக்கொண்டே ஓடும், ஆனால் டிஸ்க்கில் எழுதப்படும் கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். "கொஞ்சமாகத்தானே கூட்டினேன்" என்றவர்கள் விண்டோஸை மறுபடி மறுபடி நிறுவிக்கொண்டிருந்தார்கள். பிரதான பஸ் எப்படி மாறினாலும் பி.சி.ஐ. வேகம் மாறாமல் பிடித்து வைக்கும் வசதி என்ஃபோர்ஸ்2 போன்ற சிப்செட்டுகளோடு 2002 வாக்கில்தான் பரவலானது.

ஓவர்கிளாக்கிங்கின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. சிப் புகைந்து போவது அல்ல, அது அபூர்வம். கணினி ஓடுகிறது, ஆனால் சரியாக ஓடுகிறதா? கோடிக்கணக்கான கூட்டல்களில் ஒன்று தவறினால் யார் கண்டுபிடிப்பது? அதுவும் விண்டோஸ் 98 காலம். சொந்த வேகத்தில் ஓடும் கணினியிலேயே நீலத்திரை வந்துகொண்டிருந்தது. எது நடந்தாலும் பழியைப் பில் கேட்ஸ் தலையில் போட்டுவிடலாம். "ராத்திரி முழுக்க க்வேக் விளையாடினேன், நிற்கவில்லை" என்பதே பலருக்குப் போதுமான சான்றிதழாக இருந்தது.

பதில் வந்தது கணிதத்திலிருந்து. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் மிகப் பெரிய மெர்சென் பகா எண்களைத் தேட ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். தன்னார்வலர்களின் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தில் பிரைம்95 என்ற நிரல் கணக்குப் போடும். ஓர் எண்ணைச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும், நடுவில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அத்தனை நாள் உழைப்பும் வீண். ஆகவே விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு "சித்திரவதைச் சோதனை" அந்த நிரலிலேயே சேர்க்கப்பட்டது. பகா எண்ணைப் பற்றித் துளியும் கவலைப்படாத ஓவர்கிளாக்கர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நாள் முழுக்க க்வேக் ஓடிய கணினிகள் பிரைம்95-இல் பத்து நிமிடத்தில் தப்பு விடை சொல்லி மாட்டிக்கொண்டன. மெமரிக்கு மெம்டெஸ்ட்86 இருந்தது.

இந்தக் கருவிகள் கையில் வந்த பிறகுதான் ஒரு ஒழுங்கு பிறந்தது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பஸ்ஸைச் சிறிது சிறிதாக ஏற்று. ஒவ்வொரு படியிலும் மணிக்கணக்கில் சோதி. தப்பு வந்த இடத்தில் ஒன்று கீழே இறங்கு, இல்லாவிட்டால் மின்னழுத்தத்தை ஒரு துளி கூட்டி மறுபடி சோதி. வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இரு. கணினி கிளம்பவே மறுத்தால் சி.மாஸ் ஜம்பரைப் போட்டுப் பழைய நிலைக்குத் திரும்பு. முக்கியமான கோப்புகளை முதலிலேயே வேறு இடத்தில் வை. (கடைசி விதியைக் கடைப்பிடித்தவர்கள் குறைவு.)

மின்னழுத்தம்தான் இதில் கத்தி. சிப் செலவழிக்கும் சக்தி வேகத்தோடு நேராக ஏறும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். 300ஏ-வை 2.0 வோல்ட்டிலேயே 450-க்குக் கொண்டுபோனால் சக்தி ஒன்றரை மடங்கு. அதையே 2.2 வோல்ட் கொடுத்து ஓட்டினால் 1.8 மடங்கு. வெப்பம் ஏற ஏறச் சிக்னல் மந்தமாகும், அதை ஈடுகட்ட இன்னும் வோல்ட், அதனால் இன்னும் வெப்பம். 2002-இல் வந்த நார்த்வுட் வகைப் பென்டியம் 4 இதற்கு நல்ல பாடம். அதன் இயல்பு மின்னழுத்தம் சுமார் 1.5 வோல்ட். 1.7-க்கு மேல் கொடுத்தவர்களின் சிப்கள் சில வாரங்களோ மாதங்களோ நன்றாக ஓடிவிட்டு, ஒருநாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் செத்தன. நல்ல விசிறி வைத்துக் குளுகுளுவென்று வைத்திருந்தவையும் செத்தன.

இப்படி வீட்டில் இருந்து கற்றுக்கொண்டவர்கள் ஒருமுறை இன்டெல்லுக்கே பாடம் எடுத்தார்கள். 2000 மார்ச்சில் 1 கிகாஹெர்ட்ஸைத் தொடும் ஓட்டத்தில் ஏ.எம்.டி. இரண்டு நாள் முந்திவிட்டது. விட்டதைப் பிடிக்க ஜூலை 31 அன்று இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ வெளியிட்டது. பழைய வடிவமைப்பை அதன் எல்லைக்கு இழுத்து, மின்னழுத்தத்தையும் கூட்டி எட்டிய வேகம் அது. வேறு யாராவது செய்திருந்தால் அதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங். டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தின் தாமஸ் பாப்ஸ்டுக்குச் சோதனைக்கு வந்த சிப்பால் லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்து முடிக்க முடியவில்லை. விளையாட்டுகளில் தெரியாத தப்பு அங்கே தெரிந்தது. கம்பைலர் கோடிக்கணக்கான சின்னச் சின்ன முடிவுகளை எடுக்கும் நிரல், ஒன்று பிசகினாலும் குப்புற விழும். தனி ஆள் தப்பாகச் சொல்கிறார் என்று ஒதுக்க முடியாதபடி ஹார்ட் ஓசிபியின் கைல் பென்னட்டும், ஆனந்த்டெக்கின் ஆனந்த் லால் ஷிம்பியும் அதே சிக்கலைப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று இன்டெல் அந்தச் சிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வெளியாகி ஒரு மாதம் கூட முடியவில்லை.

தெரிந்து கூட்டியவர் தெரிந்து அனுபவிக்கிறார், அது அவர் பாடு. தெரியாதவர் கதை வேறு. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-இல் ஒரு விஷயம் எழுதினார். விண்டோஸ் அனுப்பும் பழுது அறிக்கைகளில் சில, நடக்கவே முடியாதவையாக இருந்தன. ஒரு ரிஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் கட்டளையில் கணினி விழுந்திருந்தது. மெமரியைத் தொடாத, தப்பவே வாய்ப்பில்லாத கட்டளை அது. விசாரித்தால் ஓவர்கிளாக் செய்யப்பட்ட கணினிகள். அவற்றை வைத்திருந்த சிலருக்கு ஓவர்கிளாக்கிங் என்றால் என்னவென்றே தெரியாது. விற்ற கடைக்காரர் சத்தமில்லாமல் கூட்டிக் கொடுத்திருக்கிறார். சிப்பின் எழுத்தைச் சுரண்டிய அதே பழைய வியாபாரம்! 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் பழுதுகளை அலசியபோது, ஓவர்கிளாக் செய்யப்பட்டவை குறிப்பிடத்தக்க அளவு அதிகமாக விழுந்திருந்தன. சொன்ன வேகத்துக்குக் குறைவாக ஓடியவை மற்றவற்றைவிட உறுதியாக நின்றன.

அதற்குள் தயாரிப்பாளர்களே இந்த வேலையைக் கையில் எடுத்துவிட்டார்கள். 2008-இல் வந்த முதல் கோர் ஐ7-லிருந்து டர்போ பூஸ்ட் என்ற பெயரில் சிப் தன் வெப்பத்தையும் மின்சாரத்தையும் தானே அளந்து தானே வேகத்தைக் கூட்டிக்கொண்டது. 2010-இல் பெருக்கெண் பூட்டப்படாத கே வரிசையை இன்டெல் கூடுதல் விலைக்கு விற்றது. ஒரு காலத்தில் நகப்பூச்சு வைத்து எடுத்ததை இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டும். விட்டிருந்த இடைவெளியைச் சிப்பே தின்றுவிடுவதால், 149 டாலரில் 50 சதவீத வேகம் கூடுதலாக அள்ளும் காலம் மறுபடி வரவில்லை.

ஆனால் இடைவெளி சுருங்கியதற்கு ஒரு விலை இருந்தது. 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்களில், முக்கியமாக ஐ9 வகைகளில், விளையாட்டுகள் காரணமில்லாமல் விழத் தொடங்கின. வீடியோ மெமரி போதவில்லை என்று பொய்யான பிழைச்செய்தி வேறு. மதர்போர்டுகள் மின்சார வரம்பைத் தாராளமாக விட்டிருந்ததைப் பலரும் முதலில் குற்றம் சொன்னார்கள். 2024 ஜூலையில் இன்டெல் தன் மைக்ரோகோடே சிப்புக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கேட்டிருந்ததாக ஒப்புக்கொண்டது. பயாஸைத் தொடாதவர்கள், எதையும் கூட்டாதவர்கள் சிப்களும் இதில் அடக்கம். உத்தரவாதக் காலத்தை இரண்டு வருடம் நீட்டினார்கள், ஆகஸ்டில் புது மைக்ரோகோடும் வந்தது. அது நல்ல சிப் கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.