கேம்கார்டர் நாடாப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றுதல்

கேம்கார்டர் கேசட்டின் காந்த நாடாவில் பதிந்துள்ள படத்தையும் ஒலியையும் கணினிக் கோப்பாக மாற்றிச் சேமிக்கும் பணி இது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2000களின் பிற்பகுதி வரை திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டுவிழா எனக் குடும்ப நிகழ்வுகள் பெரும்பாலும் கேசட்டிலேயே பதிவாயின. அந்த நாடாக்கள் மெல்லச் சிதைந்து வருகின்றன. அவற்றை ஓட்டும் கருவிகளோ அதைவிட வேகமாக மறைந்து வருகின்றன. விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. எனவே நாடா நல்ல நிலையில் இருக்கிறதே என்று மாற்றத்தைத் தள்ளிப்போடுவது சரியான கணக்கு அல்ல.

முதலில் கேசட் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய வேண்டும். பிற எல்லா முடிவுகளும் அதைப் பொறுத்தவை. அனலாக் வகையில் விஎச்எஸ் (1976), அதன் சிறிய வடிவமான விஎச்எஸ்-சி (1982), சோனியின் வீடியோ8 (1985), ஹை8 (1989) ஆகியவை வீடுகளில் பரவலாக இருந்தன. டிஜிட்டல் வகையில் 1995இல் வந்த மினிடிவியும் 1999இல் வந்த டிஜிட்டல்8உம் முக்கியமானவை. விஎச்எஸ்-சி கேசட்டை ஓர் அடாப்டருக்குள் வைத்துச் சாதாரண விசிஆரில் ஓட்டலாம். 8 மி.மீ. கேசட்டுக்கும் அப்படி ஒன்று உண்டென்று பலர் தேடுகிறார்கள், அது கிடையாது. நாடாவின் அகலமே வேறு என்பதால் 8 மி.மீ. கேசட்டை அதற்குரிய கேமராவிலோ டெக்கிலோதான் ஓட்ட முடியும். டிஜிட்டல்8 பதிவு ஹை8 கேசட்டிலேயே செய்யப்பட்டதால், கேசட்டின் மேல் அச்சிட்ட பெயரை மட்டும் வைத்து உள்ளே இருப்பது அனலாக்கா டிஜிட்டலா என்று முடிவு செய்ய இயலாது. மினிடிவி கேசட்டிலும் இதே சிக்கல் உண்டு: 2003இல் அறிமுகமான எச்டிவி என்னும் உயர்தெளிவுப் பதிவும் அதே கேசட்டில்தான் செய்யப்பட்டது. பழைய மினிடிவி கேமரா அதைப் படிக்காது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது ஒளிபரப்பு முறை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய நாடுகளில் விற்ற கேமராக்கள் நொடிக்கு 25 படச்சட்டங்கள் கொண்ட பால் முறையைச் சேர்ந்தவை. கனடாவும் அமெரிக்காவும் ஏறக்குறைய 30 சட்டங்கள் கொண்ட என்டிஎஸ்சி முறையைப் பின்பற்றின. டொராண்டோவிலிருந்து உறவினர் அனுப்பிய கல்யாணக் கேசட் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள கேமராவில் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ தெரிந்தால், பழுது நாடாவில் இருக்க வேண்டியதில்லை. அதை என்டிஎஸ்சி கருவியில் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

நாடாவை ஓட்டுவதற்கு முன் கேசட்டின் கண்ணாடிப் பகுதி வழியே சுருளைப் பார்ப்பது அவசியம். வெண்ணிறப் பொடியோ சிலந்தி வலை போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பீரோவில் கிடந்த கேசட்டுகளில் இது சாதாரணம். பூஞ்சை பிடித்த நாடாவை ஒருமுறை ஓட்டினாலே நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு ஏறும். அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் அது தொற்றும். அத்தகைய நாடாக்களை முறையாகத் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே நல்லது. நல்ல நாடாவாக இருந்தாலும், மேலெழுதல் தடுப்பை முதலில் போட்டுவிட வேண்டும்: விஎச்எஸ் கேசட்டில் முதுகுப்புறத் தகடு உடைந்திருக்க வேண்டும், 8 மி.மீ., மினிடிவி கேசட்டுகளில் சிறு தள்ளுபொத்தான் இருக்கும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கருவியை உடனே இயக்கக் கூடாது. உள்ளே நீர்த்துளி படிந்தால் நாடா உருளையில் ஒட்டிக்கொள்ளும். பல ஆண்டுகள் ஓடாத நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னோட்டி, திரும்பச் சுற்றினால் சுருளின் இறுக்கம் சீராகும்.

மினிடிவி, டிஜிட்டல்8 நாடாக்களில் உள்ளவை எண்களே. மாற்றும்போது படம் மறுபடி பதிவாவதில்லை. நாடாவில் உள்ள தரவு அப்படியே கணினிக்கு நகலாகிறது. தரம் துளியும் குறையாத இந்த வழி, கேமராவின் ஃபயர்வயர் துளை வழியாகவே கிடைக்கும். சோனி அதை ஐ.லிங்க் என்றும் வேறு சிலர் டிவி (DV) துளை என்றும் குறித்தனர். அதே கேமராவில் யுஎஸ்பி துளை இருந்தாலும், பெரும்பாலான மாடல்களில் அது மெமரி கார்டில் உள்ள நிழற்படங்களை எடுப்பதற்கே உதவும். ஃபயர்வயர் முனையை யுஎஸ்பி முனையாக மாற்றுவதாகக் கூறி விற்கும் மலிவு விலைக் கேபிள்கள் வேலை செய்யமாட்டா; இரண்டும் வெவ்வேறு மொழி பேசும் இணைப்புகள். மேசைக் கணினியில் ஃபயர்வயர் அட்டை பொருத்துவது நம்பகமான வழி. ஆப்பிள் கணினிகளில் தண்டர்போல்ட் அடாப்டர் பல ஆண்டுகள் உதவியது. 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26 ஃபயர்வயர் ஆதரவை நீக்கிவிட்டதால் பழைய பதிப்பு ஓடும் கணினியே பயன்படும். விண்டோஸில் வின்டிவி, லினக்ஸில் டிவிகிராப் ஆகிய இலவச மென்பொருள்கள் போதுமானவை.

இந்த மாற்றம் நாடா ஓடும் நேரத்திலேயே நடக்கும். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் பிடிக்கும். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறக்குறைய 13 ஜிபி இடம் வேண்டும். மினிடிவி கேமராவின் பால் முறை ஹெட் உருளை நிமிடத்துக்கு 9,000 முறை சுழன்று, 10 மைக்ரான் அகலமே உள்ள தடங்களைப் படிக்கிறது. நாடாவை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பதியும் எல்பி வேகத்தில் தடம் இன்னும் குறுகும். அதனால் ஒரு கேமராவில் எல்பியில் பதிந்தது மற்றொன்றில் கட்டம் கட்டமாகச் சிதறுவது உண்டு. பதிவு செய்த கேமரா உயிரோடு இருந்தால் அதையே பயன்படுத்துவது மேல். சிதறல் தெரிந்தால் ஹெட்டைத் துடைத்து அதே நாடாவை மீண்டும் ஓட்ட வேண்டும். டிவிரெஸ்கியூ என்ற மென்பொருள் பல ஓட்டங்களில் கிடைத்த நல்ல பகுதிகளைச் சேர்த்து ஒரே கோப்பாக்கித் தரும்.

அனலாக் நாடாவில் வேலை கடினம். அங்கே மின்னலையாக உள்ள படத்தைக் கேப்சர் கருவி எண்களாக மாற்ற வேண்டும்; தரம் முழுவதும் ஓட்டும் கருவியையும் இடையில் உள்ள இணைப்பையும் பொறுத்தது. எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் முனைக் கேபிளை விட்டு அதையே பயன்படுத்த வேண்டும். ஒளியும் நிறமும் தனித்தனிக் கம்பிகளில் வருவதால் படம் தெளிவாக இருக்கும். பழைய நாடாவின் அலை சீரான காலத்தில் வராது. அதனால் செங்குத்துக் கோடுகள் நெளியும், சட்டங்கள் விடுபடும், போகப்போகப் பேச்சும் உதடும் பொருந்தாமல் போகும். இதைத் திருத்துவது டிபிசி என்னும் காலத்திருத்தச் சுற்று. சோனியின் சில ஹை8 கேமராக்களின் மெனுவிலேயே அது உண்டு. பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டர் வழியே அலையைச் செலுத்தியும் இப்பயனைப் பெறலாம். வீடியோ8, ஹை8 கேசட் வைத்திருப்பவர்களுக்கு மிக எளிய வழி, அனலாக் நாடாவையும் ஓட்டக்கூடிய டிஜிட்டல்8 கேமரா. அது தானே எண்ணாக மாற்றி ஃபயர்வயரில் அனுப்பிவிடும். எல்லா டிஜிட்டல்8 மாடல்களுக்கும் இத்திறன் இல்லை என்பதால் வாங்குமுன் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

கேப்சர் செய்த கோப்பை உடனே சுருக்கிவிடுவதுதான் இப்பணியில் நேரும் பெரிய தவறு. மினிடிவியின் மூலக் கோப்புக்குள் படம் எடுத்த நாளும் நேரமும் மறைந்திருக்கும். எம்பி4 ஆக மாற்றும்போது அவை பொதுவாக அழிந்துபோகின்றன. மேலும் நாடாவின் படம் இடைப்பின்னல் முறையில், பால் என்றால் நொடிக்கு 50 பாதிப்படங்களாக, பதிந்தது. அதைக் கவனமின்றி 25 முழுப்படங்களாக்கினால் அசைவின் வழுவழுப்பு பாதியாகக் குறையும். பிறகு மீட்க முடியாது. ஆகவே டிவி (DV) கோப்பை அப்படியேயும், அனலாக் பதிவை எஃப்எஃப்வி1 போன்ற இழப்பற்ற வடிவிலும் மூலமாக வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் பார்க்கவும் உறவினருக்கு அனுப்பவும் 50 சட்டங்கள் கொண்ட எச்.264 நகல் ஒன்றைத் தனியே எடுக்கலாம். நிறத் திருத்தம், இரைச்சல் நீக்கம், வெட்டி ஒட்டல் எல்லாம் அந்த நகலோடு நிற்க வேண்டும்.

மூலக் கோப்பு ஒரே ஹார்டு டிஸ்கில் இருப்பது பாதுகாப்பு ஆகாது. மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரிலோ இணையச் சேமிப்பிலோ, என்பது ஆவணக் காப்பாளர்கள் பின்பற்றும் வழக்கம். கோப்பின் பெயரில் நிகழ்ச்சி, ஊர், ஆண்டு மூன்றும் இருந்தால் பின்னாளில் தேடுவது எளிது. படத்தில் உள்ளவர்கள் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அதையும் எழுதி உடன் சேர்க்க வேண்டும். மாற்றம் முடிந்தபின்னும் கேசட்டை எறியாமல், திரும்பச் சுற்றி, உலர்ந்த இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வைப்பது நல்லது. மூலக் கோப்பில் குறை தெரிந்தால் மறுபடி எடுக்க அது ஒன்றுதான் வழி.