எல்லை தாண்டும் சட்டத் தொழில்

ஒகேனக்கல்லில் காவிரிக்கு இக்கரை தமிழகம், அக்கரை கர்நாடகம். இரு கரைகளிலும் பரிசல்கள் உண்டு. எந்தக் கரைப் பரிசல் எதுவரை வரலாம் என்ற பூசல் அவ்வப்போது எழும், அடங்கும். அண்மையில் இங்கு வந்திருந்த என் பழைய மாணவர் ஒருவரின் மகள், தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் பயில்பவர், பரிசல் துறையில் நின்றபடி கேட்டார்: "வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களை உள்ளே விட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும், சார்?" பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர் வேறு, பெருவணிகச் சட்ட நிறுவனம் வேறு. நிறுவன இணைப்பு, பங்கு வெளியீடு, கடன் ஒப்பந்தம், பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் ஆகியவையே பின்னதன் களம். அமெரிக்காவின் கிர்க்லாண்ட் அண்ட் எல்லிஸ் நிறுவனத்தின் வருவாய் 2023-இல் 700 கோடி டாலரைத் தாண்டியது. லண்டனின் ஆலன் அண்ட் ஓவரி, நியூயார்க்கின் ஷெர்மன் அண்ட் ஸ்டெர்லிங்குடன் 2024 மே மாதம் இணைந்தது. இத்தகைய நிறுவனங்கள் இந்தியாவின் மீது கண் வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

1990-களில் மூன்று வெளிநாட்டு நிறுவனங்கள் தொடர்பு அலுவலகம் திறக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அது செல்லாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2009 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அடுத்த வழக்கு நம் சென்னையில் பிறந்தது. வழக்கறிஞர் ஏ.கே. பாலாஜி 2010-இல் தொடுத்த வழக்கில், வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே தொழில் நடத்த இயலாது, ஆனால் தம் நாட்டுச் சட்டம் பற்றி வந்து ஆலோசனை கூறித் திரும்பலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் கூறியது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 13-இல் அந்த வாசலையும் குறுக்கியது. எப்போதாவது வந்துபோவது தொழில் நடத்துதல் ஆகாது. அடிக்கடி வந்தால் ஆகும். ஒப்பந்தம் எழுதுவதும் ஆலோசனை சொல்வதும்கூட 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலே என்பது இதனால் உறுதியாயிற்று.

அதே இந்திய பார் கவுன்சில், வெளிநாட்டவரை எதிர்த்து வழக்காடிய அமைப்பு, 2023 மார்ச்சில் கதவைத் திறந்தது. நீதிமன்றப் பணி கூடாது, வெளிநாட்டுச் சட்டமும் பன்னாட்டுச் சட்டமும் மட்டுமே, எங்கள் வழக்கறிஞரை உங்கள் நாடு அனுமதித்தால்தான் உங்களுக்கு அனுமதி: இவை நிபந்தனைகள். பதிவு செய்யாமல் வந்துபோவோருக்கு ஓராண்டில் 60 நாள் வரம்பு. இவ்விதிகள் 2025 மே மாதம் திருத்தப்பட்டன.

ஆனால் இந்தச் சுவர் எதைத் தடுத்தது? பெரிய பங்கு வெளியீடு ஒன்றின் ஆவணத்தைப் புரட்டிப் பாருங்கள். இந்தியச் சட்ட ஆலோசகரின் பெயரோடு பன்னாட்டுச் சட்ட ஆலோசகர் என்று இன்னொரு பெயர் இருக்கும். பல நேரங்களில் சிங்கப்பூர் முகவரியுடன். அமெரிக்க முதலீட்டாளர்களிடம் பங்கு விற்க அந்நாட்டுச் சட்டம் அறிந்தவர் வேண்டும் என்பதே காரணம். அந்தக் கட்டணம் மும்பையிலோ சென்னையிலோ தங்குவதில்லை. சிங்கப்பூர் 2008-இல் ஆறு வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தன் சட்டத்திலும் பணிபுரிய உரிமம் தந்தது. இந்திய நிறுவனங்கள் பல, தம் வழக்குகளை அங்குள்ள நடுவர் மையத்துக்கே கொண்டுபோகின்றன. தொழிலை உள்ளே வரவிடாமல் தடுத்தோம். வேலை வெளியே போவதைத் தடுக்கவில்லை.

சுவருக்குள் வளர்ந்த நம் பெரு நிறுவனங்களுக்கும் வேறு விலங்குகள் இருந்தன. பழைய கம்பெனிச் சட்டப்படி 20 கூட்டாளிகளுக்கு மேல் சேர முடியாது. 2008-ஆம் ஆண்டின் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம்தான் அதைத் தளர்த்தியது. விளம்பரத் தடை இன்றும் நீடிக்கிறது. இந்நிலையில் போட்டி வந்தால் ஊதியம் உயரும் என்று சிலர் மகிழ்கிறார்கள். உயரும், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பயின்ற ஒரு சிறு கூட்டத்துக்கு. தருமபுரி மாணவிக்குச் சுவர் இருந்தபோதும் அந்த வாசல் எளிதில் திறக்கவில்லை. அவருக்கான வேலை வேறிடத்தில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓசூர் சிறுதொழில் முனைவர் ஒருவர், வெளிநாட்டு வாங்குநருக்கு உதிரிபாகம் அனுப்பிவந்தார். பாக்கி நின்றபோதுதான் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தார். தகராறு ஏற்பட்டால் லண்டனில் நடுவர் தீர்ப்பாயம், ஆங்கிலச் சட்டம் என்று அச்சிட்டிருந்தது. வரவேண்டிய தொகையைவிட அங்கு வழக்காட ஆகும் செலவு அதிகம். விட்டுவிட்டார். கையெழுத்திடும் முன் அந்தப் பிரிவைப் படித்து, "சென்னை என்று மாற்றக் கேளுங்கள், கட்டணம் குறைந்த நடைமுறையாவது கேளுங்கள்" என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும். ஓசூரில் அப்படிப்பட்ட சிறு தொழிற்கூடங்கள் ஏராளம். லண்டன் நிறுவனம் எதுவும் அவற்றைத் தேடி வரப்போவதில்லை. அதன் ஒரு மணி நேரக் கட்டணத்தை அவற்றால் தாங்கவும் இயலாது. அரசு சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்த வரைவையும் நடுவர் தீர்ப்புச் சட்டத்தையும் பயிற்சியாகவே கற்பித்தால், இந்த வேலைக்கு ஆட்கள் இங்கேயே உருவாவார்கள்.

இதைச் சொன்னதும் மாணவி, அந்த ஒப்பந்தத்தின் நகல் கிடைக்குமா என்று கேட்டார். பெயர்களை அடித்துவிட்டுத் தருவதாக ஓசூர்க்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.