கிண்ணத்தின் உட்புறம்

குடுக்கை என்றால் நமக்குச் சுரைக்குடுக்கைதான். முற்றிய காயைக் கொடியிலேயே காயவிட்டு, விதையை உதறி, தண்ணீருக்கோ விதைக்கோ வைத்துக்கொள்வது. தென் அமெரிக்காவின் சூரினாமில் சரமாக்கா பெண்கள் செதுக்கும் குடுக்கை கொடியில் காய்ப்பதல்ல, மரத்தில் காய்ப்பது. அந்த மரம் நம் ஊரிலும் உண்டு. திருவோட்டு மரம் என்கிறோம். பெயரிலேயே துறவிக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம்!

சரமாக்கா மக்கள், டச்சுக்காரர்களின் தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஊர் அமைத்த ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள். நீண்ட போருக்குப் பின் 1762இல் டச்சு அரசு அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. சூரினாமில் அடிமைமுறை ஒழிந்தது அதற்கு நூறாண்டு கழித்து, 1863இல்.

அவர்களிடையே ஓட்டைச் செதுக்கும் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. வெளிப்புறம் ஆணுக்கு, அவனிடம் கத்தியும் உளியும் கவராயமும். உட்புறம் பெண்ணுக்கு, அவளிடம் உடைந்த புட்டியின் கண்ணாடிச் சில்லு. காயைப் பிளந்து, சதையைச் சுரண்டி எடுத்து, குழிவான உட்பரப்பில் அந்தச் சில்லாலேயே கோலம் இழுத்து, ஓட்டை உலர்த்திக் கிண்ணமாக்குகிறாள்.

கிண்ணம் போய்ச்சேரும் இடம் ஆண்களின் பந்தி. ஆண்கள் ஒன்றாக உட்கார்ந்து உண்ண, மனைவியர் சமைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். குடிக்கவும் கை கழுவவும் தண்ணீர் இந்தக் கிண்ணங்களில் வரும். ஒருவனுக்குப் பல மனைவியர் இருக்கலாம் என்ற சமூகத்தில், பந்தியில் வைத்த கிண்ணம் சக்களத்தியின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்த கிண்ணமும்தான். இதை அன்பளிப்பு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

1960களில் அங்கு ஆய்வுக்குச் சென்ற மானுடவியலாளர் சாலி பிரைஸ், 1984இல் வெளியிட்ட நூலின் தலைப்பைத் தமிழில் ‘சக்களத்திகளும் குடுக்கைகளும்’ எனலாம். அதற்கு முன் இம்மக்களின் கலை பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்களின் மரச்செதுக்கலையே எழுதினார்கள். துடுப்பிலும் சீப்பிலும் உள்ள ஒவ்வொரு வளைவுக்கும் காதல் பொருள் கண்டார்கள். குடுக்கைக்கு ஓரிரு வரி. வாசற்கோலத்தைக் கலை வரலாற்றில் தேடிப் பார்த்தவர்களுக்கு இந்த ஓரிரு வரி பழக்கமானது.

குடுக்கையைப் பாராட்டியவர்களும் அதை ஆப்பிரிக்காவின் எச்சம் என்றார்கள். பிரைஸ் இதை மறுக்கிறார். ஆப்பிரிக்காவில் செதுக்கியது பெரிதும் கொடியில் காய்க்கும் சுரையை. திருவோட்டு மரமோ அமெரிக்க மண்ணுக்கு உரியது. உட்புறத்தைச் சில்லால் செதுக்கும் முறை சூரினாமிலேயே பெண்கள் உருவாக்கியது என்பது அவர் வாதம். எச்சம் என்ற சொல் முன்னோரை மதிப்பதுபோல் ஒலிக்கிறது. அதே மூச்சில், காட்டுக்குள் புதிய காயையும் புதிய கருவியையும் எடுத்துப் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தவளை வெறும் காவல்காரி ஆக்கிவிடுகிறது. அந்தக் கண்ணாடிச் சில்லை எந்தப் பாட்டியும் கடல் தாண்டிக் கொண்டுவரவில்லை.